திருவிழாக் காசில் ஒரு பெட்டைக் குதிரை

"இவன் ஒக்டோபரில் இறைச்சிக்குப் போய்விடுவான்" என்று அந்த விவசாயி, தன் விரல்களைச் சப்பிக்கொண்டிருந்த குதிரைக்குட்டியின் நெற்றியை மறு கையால் சொறிந்தபடியே சொன்னபோது, நாளைக்கு மழை வரும் என்று சொல்வதற்கும் அதற்கும் அவர் குரலில் எந்த வேறுபாடும் இருக்கவில்லை. பிரெஞ்சுப் பள்ளியில் படிக்கும் என் மகளுக்கு அது உடனே விளங்கிவிட்டது. சமையலறைக்கு வேண்டிய அளவு பிரெஞ்சு மட்டுமே தெரிந்த எனக்கோ இறைச்சி என்பது மட்டும்தான் முதலில் காதில் விழுந்தது. எங்களைச் சாப்பிட அழைக்கிறார் என்று எண்ணி, நாங்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தோம் என்று நன்றி கூறினேன். மகள் என்னை முறைத்துப் பார்த்தாள். பிறகு தமிழில், மிக மெதுவாக, அவர் சொன்னதை எனக்கு மொழிபெயர்த்தாள்.

சுவிஸில் பீல் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் நான் வேலை செய்கிறேன். அங்கே என்னுடன் வேலை செய்யும் பெண்மணியின் சித்தப்பாதான் அந்த விவசாயி. ஓகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், குதிரைகளைப் பார்க்க வாருங்கள் என்று அவர் அழைத்ததால், தவான் ஊரில் இறங்கிச் சிவப்பு நிறச் சின்ன ரயிலுக்கு மாறி, ஜூரா மலைமேல் சேஞ்லெஜியே பக்கமாகப் போயிருந்தோம். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரத்தில், ஊசியிலை மரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் பரந்த புல்வெளிகளில், வேலி கட்டிப் பிரிக்காமல் மாடுகளும் குதிரைகளும் கலந்து மேயும். அந்த ரயிலில் போகும்போதெல்லாம், நான் இந்த நாட்டுக்காரன் ஆகிவிட்டேன் என்று எனக்குள் சொல்லிக்கொள்வது வழக்கம். பயணச்சீட்டுப் பரிசோதகர் என்னை ஜெர்மன் மொழியில் அதட்டினால் நானும் ஜெர்மன் மொழியிலேயே பதில் சொல்லுமளவுக்குத் தேறியிருக்கிறேன். ஆனால் மரங்களுக்கிடையில் அந்தக் குதிரைக் கூட்டம் கண்ணில் பட்டதும், நெடுந்தீவில் பிறந்த எனக்கு வேறு எங்கே நினைவு போகும்?

எங்கள் தீவின் மட்டக்குதிரைகளை யாழ்ப்பாணத்தவர்கள்கூடப் படங்களில்தான் பார்த்திருப்பார்கள். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வளர்த்து விட்டுப்போனவற்றின் வழிவந்தவை என்பார்கள். பவளக் கற்களை அடுக்கிக் கட்டிய எங்கள் மதில்களுக்கு அப்பால், எவருக்கும் சொந்தமில்லாமல், கூட்டங்கூட்டமாகத் தெற்கு வெளியில் திரியும். மாரியில் அவற்றின் மேனி மினுங்கும். கோடை முற்றி, உவர் பூத்த தரையில் புல் எல்லாம் கருகியபின், விலா எலும்பை எண்ணக்கூடிய நிலையில் தண்ணீரைத் தேடி ஊர்ப்பக்கம் வந்து நிற்கும். சிறுவர்களாகிய நாங்கள் பனையோலைப் பட்டையில் தண்ணீர் அள்ளி ஊற்றியதுண்டு. ஆனால் எங்களுக்கே குடிதண்ணீருக்கு வரிசையில் நிற்கவேண்டிய காலங்களில் எத்தனை குதிரைக்கு ஊற்றுவது? செத்துக் கிடந்தவற்றைக் கடந்து பள்ளிக்கூடம் போயிருக்கிறோம். அதைப் பற்றி வீட்டில் எவரும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

இந்த நாட்டில் குதிரை வேறுவிதமான வாழ்வு வாழ்கிறது. அந்தப் புல்வெளியில் நின்றவை பிரைபெர்கர் என்ற இனம். சுவிஸ் மண்ணுக்கே உரியதாக இன்று எஞ்சியிருக்கும் குதிரை இனம் இது ஒன்றுதான் என்று அவ்வூரார் பெருமையோடு சொல்வார்கள். 1897-இல் தொடங்கிய சேஞ்லெஜியே குதிரைச் சந்தை இன்றும் ஓகஸ்ட் மாதத் திருவிழாவாக நடக்கிறது. ஒரு காலத்தில் ஏர் இழுக்கவும் வண்டி இழுக்கவும் பீரங்கி இழுக்கவும் இந்தக் குதிரைதான் வேண்டியிருந்தது. உழவு இயந்திரம் வந்தபின் விவசாயிகளுக்கு அதன் தேவை குறைந்தது. 1972-இல் குதிரைப்படையையும் கலைத்துவிட்டார்கள். மலைப்பாதைகளில் சுமை கொண்டுசெல்ல இராணுவம் இன்னும் சில குதிரைகளை வைத்திருக்கிறது. சவாரிக்கும் வண்டிக்கும் கொஞ்சம் விற்பனையாகும். அதற்காகப் பெட்டைகள் குட்டி போடாமல் இருக்குமா? வசந்தத்தில் பிறக்கும் குட்டிகள் கோடை முழுவதும் தாயோடு மேய்ந்து கொழுத்து, இலையுதிர் காலத்தில் பால் மறக்கும் வேளையில், வாங்க ஆள் கிடைத்தால் வாழப் போகின்றன, கிடைக்காவிட்டால் இறைச்சிக்குப் போகின்றன. பனிக்காலத்துக்கு வைக்கோலும் தொழுவமும் எல்லாவற்றுக்கும் போதாது. ஆண்குட்டியாகப் பிறந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம்.

திரும்பும் ரயிலில் எனக்கு அந்த விவசாயிமேல் அடங்காத கோபம் வந்தது. நம்முடைய ஊர்களில் வேட்டைத் திருவிழாவன்று சுவாமி குதிரை வாகனத்தில்தானே எழுந்தருளுகிறார்? ஐயனார் எதில் ஏறி ஊர் காக்கிறார்? நாங்கள் தோளில் சுமக்கும் ஒன்றை இவர்கள் தட்டில் வைத்துத் தின்கிறார்களே என்று மனைவியிடம் பொருமிக்கொண்டே வந்தேன். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி, வேள்விக்கு உங்கள் அப்பா வளர்த்த கிடாயை மறந்துவிட்டீர்களா என்று மட்டும் கேட்டாள். குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, மாலை போட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பலாவிலை ஊட்டி வளர்த்த அந்தக் கிடாயைக் கோயிலடிக்கு இழுத்துப் போனவன் நானேதான். அதன் இறைச்சியை விருப்பத்தோடு தின்றவனும் நானேதான். பிறகு ரயிலில் நான் எதுவும் பேசவில்லை.

உண்மையில் அந்த விவசாயியை வெறுப்பது கடினமாக இருந்தது. அங்கு நின்ற ஒவ்வொரு பெட்டையின் தாயையும் பாட்டியையும் அவருக்குப் பெயரோடு தெரியும். எதற்கு எந்தக் கால் வலிக்கும், எது இடிக்குப் பயப்படும் என்பதெல்லாம் தெரியும். எங்கள் தீவில் குதிரையை எவரும் தின்பதில்லை. எவரும் அதற்குப் பெயர் வைப்பதும் இல்லை. இவற்றில் எது பெரிய பாவம் என்று தராசில் நிறுக்கப் புகுந்தால் இரவில் நித்திரை வராது. எனக்கு வரவில்லை.

மகளுக்கு அந்தக் குழப்பம் எதுவும் இல்லை. நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ள அந்தக் குட்டியை நாங்கள் வாங்கிவிட வேண்டும், அவ்வளவுதான். விலையைக் கேட்டபோது அது எட்டாத தொகையாகவும் இல்லை என்பதுதான் சிக்கல். இறைச்சிக் குதிரைக்கு எடைக்குத்தான் காசு, ஆகவே குட்டியின் விலை ஒரு நல்ல சைக்கிளின் விலையை விடக் குறைவு. என்னுடன் வேலை செய்யும் பெண்மணி, தானே வீட்டின் பின்னால் கிழட்டுக் குதிரை ஒன்றை வைத்திருப்பவர், எங்களை உட்கார வைத்து மிச்சக் கணக்கைச் சொன்னார். குதிரை இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் வாழும். என் மகள் படித்து, மணம் முடித்து, அவள் பிள்ளை பள்ளிக்கூடம் போகும் காலத்திலும் அது தின்றுகொண்டிருக்கும். வளர்ந்த பிரைபெர்கர் அறுநூறு கிலோ அளவில் இருக்கும். நாளொன்றுக்கு எட்டு முதல் பத்துக் கிலோ வரை காய்ந்த புல் வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு திருத்த ஆள் வரவேண்டும், ஆண்டுக்கொரு முறை பல் பார்க்க வேண்டும், தடுப்பூசி போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சுவிஸ் சட்டப்படி, பால் மறந்த குட்டியை முப்பது மாதம் ஆகும்வரை, அல்லது வேலைக்குப் பழக்கத் தொடங்கும்வரை, வேறு குதிரைகளோடு கூட்டமாகத்தான் வளர்க்க வேண்டும். பீல் நகரத்தில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் நாங்கள் அந்தக் கூட்டத்துக்கு எங்கே போவது?

காசு கட்டி வளர்ப்பிடத்தில் விடலாம் என்றாள் மகள். அப்போது இன்னொரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. எங்கள் சமையலறைக்கும் சில வேளைகளில் குதிரை இறைச்சி வருவதுண்டு. இரத்தம் குறைந்தவர்களுக்கு நல்லது என்று சிறுவயதிலிருந்தே தின்று பழகிய முதியவர்கள் கேட்டு வாங்கித் தின்பார்கள். எந்த நாட்டு இறைச்சி என்று எழுதாமல் இங்கே விற்க முடியாது ஆகையால், பெட்டிகளின் மேலுள்ள நாட்டுப் பெயர்களைப் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். சுவிஸில் தின்னப்படும் குதிரை இறைச்சியில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்தே வருகிறது. கனடா, அர்ஜென்டினா, உருகுவே என்று கடல் தாண்டியும் வந்திருக்கிறது. அங்கே அந்தக் குதிரைகள் எவ்வளவு தூரம் லொறிகளில் ஏற்றப்படுகின்றன, எந்த நிலையில் நிறுத்தப்படுகின்றன என்ற செய்திகள் 2013-இல் வெளிவந்தபோது இங்கே பெரிய வாக்குவாதமே எழுந்தது. ஜூராக் குட்டி ஒன்றை நான் மீட்டால் பீல் நகரத்து முதியவர் ஒருவர் குதிரை தின்பதை நிறுத்திவிடுவாரா? நிறுத்தமாட்டார், அவருடைய தட்டுக்கு இன்னும் தொலைவிலிருந்து, இன்னும் மோசமாக நடத்தப்பட்ட ஒரு குதிரை வரும். தாயோடு புல்வெளியில் ஒரு கோடையாவது ஓடித்திரிந்த குட்டியின் பேறும் அதற்கு இராது. இதை நான் மகளிடம் விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஆனால் அப்பா, அந்தக் குட்டிக்கு இது எதுவும் தெரியாதே என்றாள். அதற்குப் பதில் என்னிடம் இருக்கவில்லை, இன்றும் இல்லை.

முடிவு நாங்கள் எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. அந்த விவசாயிச் சித்தப்பா இறைச்சிக்கு அனுப்பவிருந்தவற்றின் பட்டியலில் குட்டிகளோடு ஒரு பெட்டையும் இருந்தது. பதினாறு வயது, அடுத்தடுத்து இரு பருவங்கள் சினைப்படவில்லை. குட்டி போடாத பெட்டைக்கு மலைமேல் இடமில்லை. என்னுடன் வேலை செய்யும் பெண்மணியின் கிழட்டுக் குதிரைக்கோ, அதன் துணை வசந்தகாலத்தில் செத்துப்போனதிலிருந்து துணை இல்லை. வேறொரு குதிரையைப் பார்க்கவும் கேட்கவும் மோந்து அறியவும் முடியாத தனிமையில் குதிரையை வைத்திருப்பது இங்கே சட்டப்படி குற்றம். அவர் துணை தேடித்தான் ஆகவேண்டும். துள்ளும் குட்டியை அந்தக் கிழத்தோடு விட முடியாது, இந்தப் பெட்டையை விடலாம். வாங்கும் காசும் தீனிச் செலவில் பாதியும் எங்களுடையது, தொழுவமும் புல்வெளியும் அவருடையது என்று பேசி முடித்தோம். குட்டிக்காக ஒரு மாதம் அழுத மகளிடம் அதன் அம்மாவை அல்ல, வேறு ஒரு கிழவியை வாங்கியிருக்கிறோம் என்று சொல்வது எளிதாக இருக்கவில்லை. வெள்ளைச் சுட்டிக் குட்டி ஒக்டோபரில் போயிற்று.

பெட்டையைக் கொண்டுவந்தபின்தான் அதன் கடவுச்சீட்டைப் பார்த்தேன். ஆம், இங்கே 2011 முதல் ஒவ்வொரு குதிரையும் பதிவு செய்யப்பட்டு, அதற்கென்று ஒரு கடவுச்சீட்டு வைத்திருக்க வேண்டும். பிறக்கும் குதிரை எல்லாம் உணவுக்குரிய விலங்கு என்றே பதிவாகும். உரிமையாளர் விரும்பினால் அதை வீட்டு விலங்கு என்று அறிவிக்கலாம். அறிவித்துவிட்டால், கை மாறினாலும், எத்தனை பேர் வாங்கி விற்றாலும், அந்தக் குதிரையை இனி ஒருபோதும் இறைச்சிக்கு வெட்ட முடியாது. திரும்ப மாற்றவும் வழி இல்லை. எஃப் எழுத்திட்ட தற்காலிக வதிவிட அட்டையோடு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, ஒவ்வொரு முறையும் புதுப்பிப்புக் கடிதம் வரும்வரை வயிற்றைப் பிசைந்துகொண்டிருந்த எனக்கு, ஒரே அறிவிப்பில் வாழ்நாளுக்கும் நிலைக்கும் ஓர் அந்தஸ்து இந்த நாட்டில் இருக்கிறது என்பதும், அது குதிரைக்கு இருக்கிறது என்பதும் கொஞ்சம் பொறாமையைத்தான் தந்தது. செலவு பற்றியும் எச்சரித்தார்கள்: இறைச்சிக் குதிரை சாகும்போது காசு தரும், வீட்டுக் குதிரை சாகும்போது ஊசிக்கும் உடலை அகற்றுவதற்கும் நாங்கள் காசு தரவேண்டும். இருந்தாலும் அறிவித்துவிட்டோம்.

அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்பதை ஊருக்குச் சொல்லத்தான் தாமதித்தேன். எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் ஒரு நாள் எங்கள் குடும்பத்து உபயம். அக்காவும் நானும் அதற்கென்று ஆண்டுதோறும் சேர்ப்பதில் என் பங்குதான் குதிரையாகிவிட்டது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அத்தான்தான் கனடாவிலிருந்து தொலைபேசி எடுத்து, மாணிக்கவாசகர் குதிரை வாங்கக் கொடுத்த காசில் கோயில் கட்டினார், நீ கோயில் காசில் குதிரை வாங்கியிருக்கிறாய், இனி அது இரவில் நரியாகி ஊளையிடுகிறதா என்று பார்த்துக்கொள் என்றார். நெடுந்தீவில் இருக்கும் அம்மாவுக்கு வீடியோவில் பெட்டையைக் காட்டினேன். இவ்வளவு கொழுத்த குதிரையை அவர் வாழ்நாளில் கண்டதில்லை. "பால் கறக்குமோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "வண்டில் இழுக்குமோ?" முன்பு இழுத்தது, இனி இழுக்காது என்றேன். அம்மா சற்று யோசித்துவிட்டு, அப்படியானால் இங்கே வெளியில் திரிகிறவற்றுக்கு ஒரு தொட்டி கட்டித் தந்திருக்கலாமே, வேலியடியில் வந்து நிற்கின்றன என்றார்.

அடுத்த ஆண்டு உபயக் காசில் கைவைக்க மாட்டேன் என்று அத்தானுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். தொட்டிக்கு எவ்வளவு ஆகும் என்று விசாரிக்கச் சொல்லி அம்மாவிடமும் சொல்லியிருக்கிறேன். குளம்பு திருத்துபவரின் கட்டணப் பட்டியல் நேற்று வந்தது, பாதி எங்களுடையது.