கும்மிக்கு வாங்கிய 40 சேலை

பள்ளி ஆண்டு விழா முடிந்து மூன்றாம் நாள் சாயங்காலம். திருப்பூரில் வேலை முடித்து நம்பியூரில் பஸ் இறங்கியபோது, விழாவுக்குப் பிள்ளைகளுக்குக் கும்மி பழக்கிய அக்கா எனக்காக ஸ்டாப்பிலேயே காத்திருந்தார். கையில் மஞ்சப்பை, அதற்குள் பில்கள். "மொத்தம் 18,500 ஆச்சு அம்மிணி. நீ குடுத்த 6,000 போக மிச்சத்தை நானே போட்டிருக்கறேன். மெதுவாக் குடுத்தாப் போதும்" என்றார்.

எனக்கு வாயே வரவில்லை. எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கு நான்தான் பொருளாளர். விழாவுக்கு 45,000 ரூபாய் என்று கமிட்டியில் தீர்மானம் போட்டிருந்தோம். பந்தல், நாற்காலிக்கு 14,000, மைக் செட்டுக்கு 7,000, பரிசுக்கு 10,000, சிற்றுண்டிக்கு 8,000, கும்மிப் பிள்ளைகளின் உடை வாடகைக்கு 6,000. உடையில் மட்டும் 12,500 கூடிவிட்டது. ஒரு வீட்டுக்குச் சந்தா 250 ரூபாய். அப்படியென்றால் 50 வீட்டுச் சந்தா.

அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இப்போது எங்கள் பக்கம் வள்ளி கும்மி இல்லாத கோயில் திருவிழா குறைவு. முன்பு ஆண்கள் மட்டும் ஆடியதைக் கோவை மாவட்டத்துப் பத்ரப்பன் ஐயா பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார். 2024-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அக்காவும் ஊர்க் கோயிலில் கும்மி பழகியவர்தான். இரண்டு மாதம், தினமும் சாயங்காலம், ஒரு பைசா வாங்காமல் 40 பிள்ளைகளுக்கு அடவு சொல்லிக் கொடுத்தார். வாடகைக் கடையில் காட்டிய சேலைகள் சாயம் போய், கரை கிழிந்து, ஒன்றோடு ஒன்று நிறம் சேராமல் இருந்தன. வட்டம் முழுக்க ஒரே நிறம் சுழன்றால்தான் கும்மிக்கு அழகு. அக்கா திங்கட்கிழமை ராத்திரியே ஈரோடு கனி மார்க்கெட் சந்தைக்குப் போய் 310 ரூபாய் வீதம் 40 சேலை எடுத்துவிட்டார். சேலைக்கு 12,400. ரவிக்கை தைத்ததில் 4,800. தைப் பனியில் மல்லி வரத்துக் குறைந்து விலை ஏறிக் கிடந்ததால் பூவுக்கு 1,300.

அன்றைக்கு மேடையில் பிள்ளைகள் ஆடியபோது நானும் கண் கலங்கித்தான் நின்றேன். அதனாலேயே பேசுவது கஷ்டமாக இருந்தது.

அதற்குள் வாட்ஸ்அப் குழுவில் "யாரைக் கேட்டு வாங்குனாங்க?" என்று ஒருவர் போட்டுவிட்டார். இதைக் குழுவில் பேச வேண்டாம் என்று தலைவரிடம் கேட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தனியாக அக்கா வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து பில்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். சேலைக்கு அச்சடித்த பில் இருந்தது. தையலுக்கு நோட்டில் கிழித்த ஒரு தாள்தான், பூவுக்கு அதுவும் இல்லை. தையல்காரரிடம் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்றதும் அக்காவின் முகம் மாறிவிட்டது.

"நா என்ன, எம்பட ஊட்டுக்கா வாங்கியாந்தேன்?"

"நீங்க எடுத்தீங்கன்னு யாரும் சொல்லலீங்க்கா. தறிக்குப் போறவங்க அந்த 250-ஐ ரெண்டு தடவையாக் குடுத்தாங்க. அவிய கணக்குக் கேட்டா நா என்னத்தச் சொல்றதுங்க?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "6,000-க்கு மேல போகக்கூடாதுன்னு எங்கிட்ட யாரு சொன்னா?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். பணத்தைக் கொடுக்கும்போது நான் சொன்னது, "இப்போதைக்கு இத வெச்சுக்குங்க்கா." அவ்வளவுதான். எனக்கு அது மொத்தத் தொகை, அவருக்கு முன்பணம். தீர்மானப் புத்தகத்தில் எழுதியிருந்ததை அவர் பார்த்ததே இல்லை. பனியன் கம்பெனியில் தினமும் வவுச்சர் போடுகிற நான் அந்தத் தொகையை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அங்கேயே அக்காவிடம் அதை ஒப்புக்கொண்டேன். பிறகு கமிட்டியிலும் இதே வார்த்தையில் சொன்னேன்.

கமிட்டியில் இரண்டு மணி நேரம் பேச்சு. முழுசையும் கொடுத்துவிடலாம் என்றார்கள் சிலர். ஒரு பைசா கூடாது என்றார்கள் சிலர். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. முழுசும் கொடுத்தால் அடுத்த வருஷம் தீர்மானம் போடுவதற்கே அர்த்தம் இல்லை. கொடுக்காவிட்டால் பிள்ளைகளுக்காக ஓடிய ஒருத்தரைக் கடன்காரியாக்கி அனுப்புகிறோம்.

கடைசியில் சேலைகள் கழகத்தின் சொத்து என்று இருப்புப் பதிவேட்டில் ஏற்றினோம். சேலை விலையில் 6,000 ஏற்கெனவே கொடுத்தது. பாக்கி 6,400-ஐ இரண்டு தவணையில் கொடுப்பது என்று முடிவானது. தையலும் பூவும் சேர்ந்த 6,100-ஐத் தன் நன்கொடையாக வைத்துக்கொள்ளச் சொன்னார் அக்கா. எனக்கு அதில் மனசில்லை. இரண்டு மாடு கறந்து பால் ஊற்றுகிறவர் அவர். சேலைகளை ஒரு நாளைக்கு 50 ரூபாய் என்று வெளிக் கும்மிக் குழுக்களுக்கு வாடகைக்கு விட்டு, வரும் பணத்தில் தையல் கூலியையாவது முதலில் அக்காவுக்கு அடைக்க வேண்டும் என்று தனியாக ஒரு தீர்மானம் கேட்டு வாங்கினேன்.

இப்போது பொறுப்பு எடுக்கிற எல்லோருக்கும் ஒரு தாள் தருகிறேன். மொத்தத் தொகை இவ்வளவு, இதைத் தாண்டும்போல் இருந்தால் வாங்குவதற்கு முன்பே கூப்பிடுங்கள் என்று எழுதி, கீழே இரண்டு பேரும் கையெழுத்துப் போடுகிறோம்.

போன வாரம் பக்கத்து ஊர்க் குழு ஒன்று 24 சேலை எடுத்துப் போனது. 1,200 ரூபாய். திரும்பி வந்த அன்றைக்கு அக்காவும் பள்ளிக்கு வந்தார். நான் ரசீது எழுதி முடிக்கும்வரை ஒவ்வொரு சேலையாக உதறி, கரையைத் தடவிப் பார்த்து, மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.