இடைக்கால மெய்யியல் தாளில் அன்சேல்ம்: நான் படித்த முறை

முதுகலை மெய்யியல் தேர்வு முடிவுகள் சென்ற வாரம் வந்தன. இடைக்கால மெய்யியல் தாளில் என்னைக் கரையேற்றியது "அன்சேல்மின் வாழ்வையும் எழுத்துகளையும் விளக்குக" என்ற பெருவினாதான். அகுஸ்தீனையும் அக்குவினாசையும் எல்லோரும் விழுந்து விழுந்து படிக்கிறார்கள். இடையில் நிற்கும் பதினோராம் நூற்றாண்டுத் துறவியும் மெய்யியலாளருமான இவரை, கடவுள் இருக்கிறார் என்று காட்டும் ஒற்றை வாதத்துக்குள் அடைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

என் முறை ஒன்றே ஒன்றுதான். வாழ்க்கை வரலாற்றுக்கு ஒரு பக்கம், நூல்களுக்கு இன்னொரு பக்கம் என்று பிரிக்காமல், எந்த நூலை எந்தப் பொறுப்பில் இருந்தபோது எழுதினார் என்று சேர்த்தே படிக்க வேண்டும். தேதிகளை மனப்பாடம் செய்ய இயலாத என்னைப் போன்றவர்களுக்கு இதைத் தவிர வேறு வழியில்லை.

1033இல் ஆல்ப்ஸ் மலைப்பகுதியின் ஆவோஸ்டாவில் பிறந்தவர், ஆசிரியர் லான்ஃபிராங்கின் புகழால் ஈர்க்கப்பட்டு, அவர் கற்பித்த நார்மண்டியின் பெக் மடத்துக்கு வந்து 1060இல் துறவியானார். அங்கே கற்பித்த காலத்தில்தான், மறைநூல் மேற்கோள்களைச் சாராமல் அறிவின் வழியே கடவுளைப் பற்றிப் பேசிக் காட்டுங்கள் என்று உடன்துறவிகள் வேண்டினார்கள். அதன் விளைவு 1076 அளவில் எழுதிய மோனோலோகியன். மேற்கோள் இல்லாத இந்த எழுத்து லான்ஃபிராங்குக்கே உறுத்தியது என்ற செய்தியை விடையில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். அந்த நூலில் வாதங்கள் சங்கிலியாக நீள்வதில் நிறைவடையாமல், ஒரே வாதம் போதாதா என்று தேடியபோது அவருக்கு ஊணும் உறக்கமும் கெட்டன. இரவு வழிபாட்டின்போது விடை துலங்கியது என்கிறார் அவரது வரலாற்றை எழுதிய ஈட்மர். எழுதிய மெழுகுப் பலகைகள் முதலில் காணாமற்போக, மறுபடி எழுதியவை தரையில் உடைந்து சிதறிக் கிடக்க, துண்டுகளை ஒட்டவைத்துத் தோலில் படியெடுக்கச் செய்தாராம். இப்படிப் பிழைத்ததுதான் புரோஸ்லோகியன்.

இந்நூலில்தான் பலர் மதிப்பெண்ணை இழக்கிறார்கள். எங்கள் பகுதியில் கைமாறும் குறிப்பேடு ஒன்று, "கடவுள் முழுநிறைவானவர், இருப்பும் ஒரு நிறைவு, ஆகவே அவர் இருக்கிறார்" என்று பதினேழாம் நூற்றாண்டு மெய்யியலாளர் டெகார்த்தின் வடிவத்தை அன்சேல்ம் தலையில் கட்டியிருக்கிறது. அன்சேல்ம் தொடங்குவது "எதைவிடப் பெரிதாக ஒன்றை நினைக்க முடியாதோ அது" என்பதிலிருந்து. அதைக் கேட்கும் மதிகேடனின் (கடவுள் இல்லை என்று சொல்பவனாகத் திருப்பாடல் காட்டுபவன்) மனத்திலும் அது இருக்கிறது, மனத்தில் மட்டும் இருந்தால் அதைவிடப் பெரியதை நினைக்க முடியும், அது முரண். தேர்வறையில் வேறு எதை மறந்தாலும் இந்தச் சொற்றொடரைப் பிசகாமல் எழுதுங்கள்.

உடன் சேர்க்க வேண்டியவை:

- இரண்டாம் அதிகாரம் அது இருக்கிறது என்கிறது; மூன்றாவது, அது இல்லை என்று நினைக்கவே முடியாது என்கிறது. இரண்டையும் குழப்பாதீர்கள்.
- மர்மூத்தியே மடத்துத் துறவி கௌனிலோ, மதிகேடனுக்காக வாதாடி, இதே முறையில் ஒப்பற்ற ஒரு தீவையும் இருப்பதாகக் காட்டிவிடலாமே என்று மறுத்தார். அன்சேல்ம் பதில் எழுதியதோடு, மறுப்பையும் பதிலையும் தம் நூலோடு சேர்த்தே படியெடுக்கச் சொன்னார். அவருடைய குணத்தைப் பற்றி எழுத இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.
- அக்குவினாசும் காண்ட்டும் மறுத்ததற்கு ஆளுக்கு இரண்டு வரி போதும்.

பிற்பகுதியைச் சுருக்கமாக எழுதலாம். 1078இல் பெக் மடத்தின் மடாதிபதி. 1093இல், நோயில் கிடந்த இங்கிலாந்து அரசர் இரண்டாம் வில்லியம் அவரைக் கேன்டர்பரிப் பேராயராக்கியபோது, மூடிய கையின்மேல் ஆயர் கோலை அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது என்கிறார் ஈட்மர். அரசரோடு மோதி 1097இல் நாட்டைவிட்டு வெளியேறியவர், 1098இல் இத்தாலியின் மலைக் கிராமத்தில் தங்கி 'கூர் தேயுஸ் ஹோமோ' நூலை முடித்தார். கடவுள் ஏன் மனிதரானார் என்பதைப் போசோ என்ற மாணவரோடு உரையாடலாக ஆராயும் இந்நூல், மனிதர்மேல் சாத்தானுக்கு உரிமை உண்டு என்ற பழைய விளக்கத்தைத் தள்ளிவிட்டு, பாவத்தால் கடவுளுக்கு நேர்ந்த கடனை மனிதனே தீர்க்க வேண்டும், ஆனால் கடவுளால் மட்டுமே தீர்க்க முடியும் என்று வாதிடுகிறது. அடுத்த அரசர் முதலாம் ஹென்றியோடு பதவியளிப்புப் பூசல் (ஆயர்களுக்குப் பதவிச் சின்னங்களை வழங்கும் உரிமை அரசருக்கு உண்டா என்ற சர்ச்சை), மீண்டும் வெளிநாட்டு வாசம், 1107இல் உடன்பாடு, 1109இல் மறைவு ஆகியவை ஒரு பத்தியில் அடங்கும். 1720இல் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவிக்கப்பட்டதைக் குறுவினாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெருவினாவில் அதற்கு இடம் ஒதுக்க வேண்டியதில்லை.