மெர்ல் ஓபரான் பிறந்தது பம்பாயில்தான்: ஒரு வரி அச்சேறப் பட்ட பாடு

பழைய ஹாலிவுட் நடிகை மெர்ல் ஓபரானைப் பற்றிய என் கட்டுரை ஒருவழியாக வெளிவந்துவிட்டது. பிறந்த ஊர் பம்பாய் என்றே அச்சாகியிருக்கிறது. இந்த ஒரு வரிக்காக அலைந்த அலைச்சலை எழுதிவைத்தால், பழைய நடிகர், நடிகைகளின் வாழ்க்கையை எழுதக் கிளம்புகிறவர்களுக்கு, அதிலும் கலப்பு வம்சாவளியில் வந்தவர்களைத் தேடிப் போகிறவர்களுக்கு, கொஞ்சம் கால்வலியாவது மிச்சமாகும்.

ஓபரான் யாரென்று நீட்டி முழக்கத் தேவையில்லை. 1939இல் வந்த ‘உதரிங் ஹைட்ஸ்’ படத்தின் நாயகி கேத்தி. ‘தி டார்க் ஏஞ்சல்’ படத்துக்காக 1935ஆம் ஆண்டின் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றவர். 2023இல் மலேசிய நடிகை மிஷெல் யோ அந்த விருதை வாங்கியபோது, ஆசிய வேர் கொண்ட ஒருவர் அதற்கு வெகு காலம் முன்பே பரிந்துரைக்கப்பட்டிருக்கிறார் என்று இவர் பெயர் மறுபடி பேச்சில் அடிபட்டது. 1911 பிப்ரவரி 19 அன்று பம்பாயில் பிறந்து, கல்கத்தாவில் ‘குவீனி தாம்ப்சன்’ என்ற பெயரில் வளர்ந்தவர். வளர்த்தவர் இலங்கையைச் சேர்ந்த சார்லட் செல்பி. ஆனால் ஹாலிவுட்டுக்குச் சொல்லப்பட்ட கதை வேறு. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில், ஹோபார்ட் நகரில், வெள்ளைக்காரப் பெற்றோருக்குப் பிறந்தவர். பிறப்புப் பதிவுகள் தீயில் எரிந்துபோய்விட்டன. அவ்வளவுதான் கதை. 1979இல் கண்மூடும்வரை பம்பாயில் பிறந்ததை அவர் வெளியில் ஒப்புக்கொள்ளவே இல்லை.

கட்டுரையை அனுப்பியபோது இதில் சிக்கல் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. இதழின் பொறுப்பாசிரியரிடமிருந்து தொலைபேசி வந்தது. “சார், எங்கள் நூலகத்தில் இருக்கும் கலைக்களஞ்சியத்தில் ஹோபார்ட் என்று போட்டிருக்கிறதே? பம்பாய்க்கு என்ன ஆதாரம் வைத்திருக்கிறீர்கள்?” அவர் சொன்ன புத்தகம் ஓபரான் உயிரோடு இருந்த காலத்தில் அச்சானது. ஸ்டுடியோ விளம்பரத் துறை எழுதிக்கொடுத்ததைத்தான் அன்றைய தொகுப்பாளர்கள் எல்லோரும் அப்படியே எடுத்துப் போட்டார்கள். ஹோபார்ட்டுக்கு ஆதாரம் கேட்காத பத்திரிகை பம்பாய்க்கு மட்டும் கேட்கிறது. இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக மும்பை போக வேண்டியிருந்தது. அங்கேயே பிறப்புப் பதிவின் நகலைக் கேட்டு வாங்கிவிடலாம் என்று ஓர் அலுவலகத்துக்குப் போனேன். ஜன்னலில் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, “இவர் உங்களுக்கு என்ன உறவு?” உறவில்லை, ஆராய்ச்சிக்காக என்றேன். வாரிசுதான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இந்த இடத்தில் திரும்பிவிடாதீர்கள். 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தில் 17ஆம் பிரிவு இருக்கிறது. கட்டணம் செலுத்தி எந்த நபரும் பதிவேட்டில் தேடச் சொல்லலாம், பிறப்புப் பதிவின் நகலைப் பெறலாம் என்று அது சொல்கிறது. இறப்புப் பதிவின் நகலில் மட்டும் இறப்புக்கான காரணத்தைக் காட்டமாட்டார்கள். நான் அந்தப் பிரிவை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தேன். மேசைமீது வைத்ததும் அவர் அதை இரண்டு முறை படித்தார், உள்ளே போய் யாரிடமோ கேட்டார், திரும்பி வந்து விண்ணப்பப் படிவத்தைத் தந்தார். அன்று நான் ஜெயித்தது அந்த ஒரு காகிதத்தால்தான்.

படிவத்தை வாங்கியதும் அடுத்த முட்டுக்கட்டை. ‘தாயின் பெயர்’ என்று ஒரு சிறிய கட்டம். ஓபரானின் வாழ்க்கையே அந்தக் கட்டத்துக்குள் வந்து இடித்துக்கொண்டு நிற்கிறது. ஊரறியத் தாய் சார்லட். பெற்றவளோ சார்லட்டின் மகள் கான்ஸ்டன்ஸ்; அவளே அப்போது சிறுமி. பேத்தியைத் தன் மகளாகவே வளர்த்தார் சார்லட். கான்ஸ்டன்ஸ் பெயரை எழுதி, பக்கத்தில் ‘அல்லது சார்லட் செல்பி’ என்று சேர்த்தேன். எழுத்தர் சிவப்பு மையால் ‘அல்லது’வுக்குப் பிறகு இருந்த அத்தனையையும் அடித்தார். ஒரு குழந்தைக்கு ஒரு தாய்தான் இருக்க முடியும், தெளிவாக எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். வேறு படிவம் வாங்கி கான்ஸ்டன்ஸ் பெயரை மட்டும் எழுதினேன். தகப்பன் பெயர் ஆர்தர் தாம்ப்சன், ரயில்வேயில் இருந்த ஆங்கிலேயர். அந்தக் கட்டத்தில் தகராறு இல்லை.

கணினியில் அவ்வளவு பழைய பதிவு கிடையாது என்று இன்னொரு கட்டடத்துக்கு அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்தால் பதிவேட்டு அறை பூட்டியிருந்தது. சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருக்கிறார், எப்போது வருவார் என்று தெரியாது. வாசல் பெஞ்சில் மாலைவரை உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்தேன். மறுநாள் எனக்கு ரயில். வெளியூரிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: முதல் அலுவலகத்திலிருந்து கிளம்பும்போதே, அவர்கள் அனுப்பும் இடத்துக்கு அங்கிருந்தே தொலைபேசியில் பேசச் சொல்லுங்கள். முணுமுணுத்தாலும் பேசுவார்கள்.

சென்னைக்குத் திரும்பியதும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டேன். கட்டணம் 10 ரூபாய்தான். மும்பை நண்பர் ஒருவரை அங்கேயே கோர்ட் ஸ்டாம்ப் வாங்கி ஒட்டச் சொன்னேன். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். பதிலும் வந்தது. சம்பந்தப்பட்ட பதிவேடு நைந்த நிலையில் இருப்பதால் கையாள இயலாது என்று இரண்டே வரி. ஏமாற்றம்தான். ஆனால் அந்த இரண்டு வரிக்கு மதிப்பு உண்டு. ‘பதிவேடு இல்லை’ என்று அவர்கள் சொல்லவில்லை. வாய்மொழியாக மறுத்தால் ஏற்காதீர்கள். எதையும் எழுத்தில் வாங்குங்கள்.

இதற்கிடையே சார்லட்டின் பூர்வீகத்தைத் தேடும் வேலை. ஆங்கிலேயர் காலத்துக் கிறிஸ்தவ ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் பற்றிய தேவாலயப் பதிவுகளின் பிரதிகள் லண்டனுக்குப் போயின. இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. N/1 என்ற தொகுதி வங்காளம், N/2 சென்னை, N/3 பம்பாய். பலர் வங்காளத் தொகுதியை மட்டும் புரட்டிவிட்டுக் கைவிடுகிறார்கள். கல்கத்தாவில் வளர்ந்தவர் என்பதற்காக அங்கே தேடிப் பயனில்லை. பெயரிலும் எச்சரிக்கை வேண்டும். எஸ்டெல், மெர்ல், குவீனி, தாம்ப்சன், ஓபிரையன், செல்பி என்று எல்லாச் சேர்க்கையிலும் தேட வேண்டும். ஓபரான் என்ற பெயரில் 1911இல் யாரும் கிடைக்கமாட்டார்கள், அது திரைக்காக வந்த பெயர். இலங்கைப் பதிவுகள் இந்தத் தொகுதிகளில் சேராது, அது தனி வேலை.

கல்கத்தா பகுதி கடிதப் போக்குவரத்திலேயே முடிந்துவிட்டது. லா மார்ட்டினியர் பள்ளியில் உதவித்தொகையில் படித்தவர், சக மாணவிகளின் ஏளனம் தாங்காமல் விலகியவர் என்ற அளவில் எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஆசிரியர் குழுவை அசைத்தது மும்பைக் கடிதம் அல்ல, ஹாரி செல்பியின் வாக்குமூலம். கனடாவில் வாழ்ந்த இவர், தன்னை ஓபரானின் அக்கா மகன் என்றே நினைத்திருந்தார். பம்பாய்ப் பதிவுகளில் ஓபரானின் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்தபோதுதான், இருவருக்கும் தாய் ஒருத்தியே என்று அவருக்குத் தெரிந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் போய்ச் சந்திக்க முயன்றார். ஓபரான் பார்க்க மறுத்துவிட்டார். 2002இல் மரீ டெலோஃப்ஸ்கி என்ற ஆஸ்திரேலிய இயக்குநர் ஓபரானைப் பற்றி எடுத்த ஆவணப்படத்தில் ஹாரி இதைப் பேசுகிறார். அதே படத்தில் டாஸ்மேனியாக்காரர்களும் வருகிறார்கள். ஓபரான் தங்கள் ஊர் ஹோட்டலில் வேலை பார்த்த லாட்டி சின்டாக் என்ற சீன வம்சாவளிப் பெண்ணின் மகள் என்று அங்கே பலர் உறுதியாக நம்புகிறார்கள். அங்கே 1838 முதலே பிறப்புகளை அரசு பதிவு செய்கிறது.  நான் தேடிய அளவில் இவருடைய பிறப்பு அங்கே பதிவானதாகக் கிடைக்கவில்லை. இதையெல்லாம் வரிசையாக எழுதி அனுப்பியதும் பொறுப்பாசிரியர் இறங்கி வந்தார்.

சரி, முடிந்தது என்று பார்த்தால் புகைப்படம். சென்னையில் பழைய சினிமா ஸ்டில்கள் சேர்த்து விற்கும் ஒருவரிடம் ஓபரானின் விளம்பரப் படம் ஒன்று கிடைத்தது. பின்புறத்தில் தட்டச்சு செய்த பழுப்பேறிய காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. பசை உலர்ந்து ஒரு மூலை சுருண்டு, ‘டாஸ்மேனியாவில் பிறந்த அழகி’ என்று அதில் ஒரு வரி. இதழில் படத்தைப் பக்கத்தில் அமைத்தவர் அந்தத் துண்டைப் பார்த்தே படவிளக்கம் எழுதிவிட்டார்! கட்டுரையில் பம்பாய், படத்தின் கீழே டாஸ்மேனியா. அச்சாகும் முன் திருத்தத் தரும் அச்சுப்படி என் கைக்கு வந்ததால் தப்பித்தது. கட்டுரைக்கு மட்டுமின்றி, படவிளக்கத்துக்கும் தலைப்புக்கும் சேர்த்து அச்சுப்படி கேட்டு வாங்குங்கள். தரமாட்டோம் என்பார்கள், விடாதீர்கள்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது தலைப்பைப் பார்த்தபோதுதான். ‘தாயை வேலைக்காரியாக்கிய நடிகை’ என்று போட்டிருந்தார்கள். சார்லட் லண்டன் வீட்டில் பணிப்பெண்போல நடந்துகொண்டார் என்பது பலரும் பதிவு செய்த செய்தி. நானே எழுதியிருந்தேன். 1937இல் அவர் இறந்த பிறகு, 1949இல் ஒரு பழைய புகைப்படத்தைக் கொடுத்து அவருடைய ஓவியத்தை வரையச் சொன்னார் ஓபரான். நிறத்தை வெளுப்பாகத் தீட்டச் சொன்னார். அதையும் எழுதியிருந்தேன். ஆனால் அந்தக் காலத்தைச் சொல்லாமல் இதை மட்டும் தலைப்பாக்குவது அநியாயம். 1917ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் இந்தியர்களுக்குக் கதவை அடைத்தது. 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர் குடியுரிமை பெறத் தகுந்த ‘வெள்ளையர்’ அல்லர் என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1946இல்தான் அந்தத் தடை விலகியது. ஹாலிவுட்டின் தணிக்கை விதியோ வெள்ளையரும் கறுப்பரும் காதலிப்பதைத் திரையில் காட்டுவதற்கே தடை போட்டிருந்தது. மற்ற இனத்தவர் விஷயத்திலும் ஸ்டுடியோக்கள் அதே அச்சத்தோடுதான் நடந்துகொண்டன. கதாநாயகியாக நிற்க வேண்டுமானால் பம்பாயை விழுங்கியே ஆக வேண்டிய நிலை. பாட்டியைத் தன்னோடே வைத்துக் காப்பாற்றிய ஒரு பெண்ணைக் கல்நெஞ்சக்காரியாகக் காட்டும் தலைப்புக்குக் கீழே என் பெயர் வரக் கூடாது, கட்டுரையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதினேன். தலைப்பை மாற்றினார்கள்.

இன்னொரு திருத்தத்தையும் சண்டை போட்டுத்தான் நீக்க முடிந்தது. இரண்டாவது கணவரான ஒளிப்பதிவாளர் லூசியன் பல்லார்ட், ஓபரானுக்காகக் கேமரா பக்கத்தில் பொருத்தும் விளக்கு ஒன்றை அமைத்தார். இன்றும் அதை ‘ஓபி’ என்றுதான் சொல்கிறார்கள். தோலின் நிறத்தை மறைப்பதற்காக என்று உதவி ஆசிரியர் ஒருவர் சேர்த்திருந்தார். 1937 லண்டன் கார் விபத்தில் முகத்தில் ஏற்பட்ட தழும்புகள் படத்தில் விழாமல் இருக்கவே அந்த விளக்கு. எல்லாவற்றையும் நிறத்தில் கொண்டுபோய் முடிப்பதும் அவருக்குச் செய்யும் துரோகம்தான்.

மும்பைப் பதிலை எதிர்த்து முதல் மேல்முறையீடு போட்டிருக்கிறேன். பதில் கிடைத்த 30 நாளுக்குள் போட வேண்டும், பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்த வேண்டும். நைந்த பதிவேட்டைப் புகைப்படமெடுத்துக் கொடுக்குமாறு கேட்டிருக்கிறேன். அதே வேலையாகப் போகிறவர்கள், சட்டத்தின் 17ஆம் பிரிவை ஆங்கிலத்திலும் மராத்தியிலும் அச்செடுத்துக்கொண்டு காலையில் ஜன்னல் திறக்கும்போதே போய் நில்லுங்கள். தாயின் பெயர்க் கட்டத்தில் கான்ஸ்டன்ஸ் என்று மட்டும் எழுதுங்கள்.