அம்மா நடந்தே போய்ச் சேவித்த அரங்கன்

முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்திலிருந்து நடந்தே வந்து பெரிய பெருமாளை, அதாவது மூலவர் ரங்கநாதரைச் சேவிப்பதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். ஆனி மாத ஜேஷ்டாபிஷேக உற்சவத்துக்கு அப்புறம் பெருமாள் திருமேனிக்குத் தைலம் பூசும் தைலக்காப்பு, 48 நாள் திருவடி தரிசனம் கிடையாது. திருவடியைப் பார்க்காமல் என்ன வேண்டுதல் என்று அது முடியும்வரை காத்திருந்து, ஆவணிக் கடைசியில் ஸ்ரீரங்கம் போனோம்.

அம்மா சிறுமியாக வந்தபோது ராஜகோபுரம் வெறும் மொட்டைக் கோபுரம். பல நூற்றாண்டாக அடிப்பகுதியோடு நின்றிருந்ததை, அஹோபில மடத்தின் 44-ஆம் பட்டம் ஜீயரான அழகியசிங்கர் எண்பது வயதுக்கு மேல் கையிலெடுத்து 13 நிலையாக எழுப்பினார். 1987-இல் சம்ப்ரோட்சணம், அதாவது குடமுழுக்கு. 236 அடியையும் அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டு அம்மா நடக்க ஆரம்பித்தாள்.

வழியெல்லாம் தரகர்கள். "அம்மாவால நிக்க முடியாது சார், நேரா உள்ள விட்டுடறேன்" என்று ஒருவன் கையையே பிடித்துவிட்டான். பெருமாள் வாசலில் இந்தப் பிழைப்பு வயிற்றெரிச்சலாக இருந்தது. வரிசையிலும் ஒரே தள்ளுமுள்ளு. அம்மாவின் கால் நடுங்கியதைப் பார்த்து, முன்னால் நின்ற ஆந்திரத்துப் பெண் ஒருத்தி "ரண்டி அம்மா" என்று தோள் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். அவளை யார் அனுப்பியது என்று எனக்குத் தெரியும்.

உள்ளே, அர்ச்சகர் தீபத்தைத் திருமுகத்தில் காட்டி மெல்ல மெல்லத் திருவடிக்குக் கொண்டுவந்தார். தைலம் ஏறிய கருந்திருமேனி பளபளத்தது. "நகருங்க, நகருங்க" என்ற சத்தம் காதில் விழுந்தது, கால் நகரவில்லை. அம்மா வாய்விட்டு அழுதாள். எங்களை யாரும் தள்ளவில்லை. அந்தக் கூட்டத்தில் அது எப்படி நடந்தது? அவன் நிறுத்திவைத்தான், அவ்வளவுதான்.

பெரிய பெருமாள் சுதைத் திருமேனி, சுண்ணாம்புக் காரையால் ஆனது. அதனால் நீராட்டும் திருமஞ்சனம் இல்லை, தைலக்காப்புதான். ஆயிரங்கால் மண்டபத்துப் பக்கம் உட்கார்ந்திருந்தபோது இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். 2015 சம்ப்ரோட்சணத்துக்காகச் செய்த திருப்பணியிலும் இதே பக்குவம்தான். பழைய கட்டடத்தில் பின்னால் ஏறிய பூச்சுகளை எடுத்து, சுண்ணாம்புக் காரையாலேயே சரிசெய்தார்கள். சிமெண்டு ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும். சுண்ணாம்பு வெளியே விட்டுவிடும், கல்லும் செங்கல்லும் பிழைக்கும். மழைத் தண்ணீர் தேங்காமல் வெளியேறப் பழைய வடிகால் வழிகளையும் மீட்டார்கள். இதற்குத்தான் 2017-இல் யுனெஸ்கோ விருது வந்தது. அந்தத் தூண்களில் குங்குமம் அப்பவும் பெயர் கிறுக்கவும் எப்படித்தான் மனசு வருகிறதோ!

ரங்கா, காலைச் சரிசெய்த டாக்டர், தோள் கொடுத்த அந்தப் பெண், சாரத்தில் ஏறிக் காரை பூசிய கொத்தனார்கள், சுண்ணாம்பு அரைத்தவர்கள், மண் சுமந்தவர்கள், எல்லோர் குடும்பமும் நன்றாக இருக்கவேண்டும். உன் திருவடிக்குக் கோடி தெண்டன்.