ஸ்கேனில் தெரியாத அடி

புது நாட்டுக்கு வந்த கொஞ்ச காலத்தில் தலையில் அடிபட்டால் ஒரு கூடுதல் சிக்கல். மறதி, எரிச்சல், தூக்கமின்மை, எதிரில் பேசுபவர் சொல்வது பிடிபடாத தவிப்பு எல்லாம் புதிதாகக் குடியேறியவர்களுக்கு முன்பே இருக்கும். அடியால் வந்ததையும் அலைச்சலென்றே நினைத்து விட்டுவிடுவார்கள்.

என் கணவர் உறைபனியில் வழுக்கி, பின்மண்டை அடிபட விழுந்தார். மயக்கம் இல்லை, தானே எழுந்து வந்தார். சாயங்காலம் கேட்டதையே திரும்பக் கேட்டார், வாந்தியும் எடுத்தார். உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போனேன். தலையில் அடிபட்டு மூளை குலுங்கி, அதன் இயக்கம் தடுமாறுவதைக் கன்கஷன் என்கிறார்கள். நினைவு தப்பினால்தான் கன்கஷன் என்பதில்லை. பெரும்பாலானவர்களுக்கு நினைவு தப்புவதே இல்லை.

எவ்வளவு நினைவோடு இருக்கிறார் என்று பார்க்கும் கிளாஸ்கோ கோமா அளவில் 15க்கு 15. சி.டி. ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. போனில் விசாரித்த சொந்தக்காரர்கள் "அப்புறம் என்ன?" என்றார்கள். சி.டி. முக்கியமாகத் தேடுவது ரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும். கன்கஷனில் கெடுவது மூளையின் இயக்கம். அது அந்தப் படத்தில் விழாது. அடிபட்டவர் சொல்வதைக் கேட்டும், நினைவு, சமநிலை, கண் அசைவைச் சோதித்தும்தான் டாக்டர் முடிவுக்கு வருகிறார். அதனால் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கூச்சப்படாமல் கேளுங்கள். நாங்கள் கேட்டோம். "படிச்சா வரி நழுவுதுங்க, லைட்டைப் பார்த்தா கண்ணு கூசுது" என்று தமிழில் அவர் சொன்னபோதுதான் எனக்கே தெரிந்தது.

முதல் 24-48 மணி நேரம் ஓய்வு, போனும் டிவியும் குறைவாக. தூங்கவிடலாம். ஆனால் எழுப்பினாலும் எழாவிட்டால், தலைவலி ஏறிக்கொண்டே போனால், வாந்தி தொடர்ந்தால், பேச்சு குழறினால், வலிப்பு வந்தால் உடனே ஆஸ்பத்திரி. நாள்கணக்கில் இருட்டறையில் படுக்கவைப்பது பழைய வழக்கம். விளையாட்டில் வரும் கன்கஷன் பற்றி 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்கள் அதைப் பரிந்துரைக்கவில்லை; சீக்கிரமே மெல்ல நடக்கச் சொல்கிறார்கள். தெருமுனை வரை நடப்போம். தலைவலி கூடினால் திரும்பிவிடுவோம்.

உடம்பை விட வேலைதான் அவரை வதைத்தது. புது வேலை, லீவு கேட்கப் பயம். பலருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும்தான். ஆனால் ஆறுமுன் இன்னொரு அடி பட்டால் ஆபத்து. வெளியில் காயமே தெரியாதவருக்கு டாக்டரின் கடிதம்தான் சாட்சி. கட்டாயம் எழுதி வாங்குங்கள். அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் அவர் முதலில் அரை நாள் வேலைக்குப் போனார். ஏணி ஏறுவதைக் கடைசியாகத்தான் அனுமதித்தார்கள்.