கொடுக்கிற மனதைச் சோதித்துப் பார்ப்பது எப்படி?

எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கேட்டால் சபையில் பதில் உடனே வந்துவிடும்: பத்தில் ஒன்று. ஏன் கொடுக்கிறாய் என்று கேட்டால்தான் பலரும் தடுமாறுகிறோம். புதிய ஏற்பாட்டில் காணிக்கையைப் பற்றி மிக விரிவாகப் பேசுகிற பகுதி 2 கொரிந்தியர் 8, 9 அதிகாரங்கள். அந்த இரண்டு அதிகாரங்களிலும் தசமபாகம் (பத்தில் ஒரு பங்கு) என்ற சொல்லே கிடையாது. அந்தக் கடிதத்தை எழுதிய பவுலுடைய அக்கறையெல்லாம் கொடுக்கிறவனின் மனதைப் பற்றித்தான்.

எருசலேமில் இருந்த ஏழை விசுவாசிகளுக்காக அவர் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார். கொரிந்து சபையார் போன வருஷமே ஆர்வமாய் ஆரம்பித்தவர்கள், ஆனால் முடிக்கவில்லை. அப்போஸ்தலன் என்ற முறையில் ஒரு வரியில் உத்தரவு போட்டிருக்கலாம். அதைச் செய்யாமல், "இதை நான் கட்டளையாகச் சொல்லாமல்" (8:8) என்று எழுதுகிறார். அடுத்த வசனத்திலேயே கிறிஸ்து ஐசுவரியமுள்ளவராயிருந்தும் நமக்காகத் தரித்திரரானதை நினைப்பூட்டுகிறார். கிறிஸ்தவக் கொடுத்தலின் வேர் அதுதான். ஏற்கெனவே வாங்கிக்கொண்டவன் கொடுக்கிறான். இனிமேல் வாங்குவதற்காகக் கொடுப்பது வேறு விஷயம்.

மக்கெதோனியா சபைகளை அவர் உதாரணமாகக் காட்டுவதைப் பார்த்து, இது போட்டியைத் தூண்டிவிடுவது ஆகாதா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கவனித்துப் படித்தால் ஒன்று தெரியும். மக்கெதோனியர் கொடுத்த தொகையை அவர் எங்கேயும் சொல்வதில்லை. அவர்களுடைய வறுமையைச் சொல்கிறார், சந்தோஷத்தைச் சொல்கிறார், முதலாவது தங்களையே கர்த்தருக்கு ஒப்புக்கொடுத்தார்கள் என்று சொல்கிறார். தொகை மட்டும் இல்லை. பெயரையும் தொகையையும் சேர்த்து வாசிக்கிற இடத்தில் நடப்பது இதற்கு நேர் எதிரானது: சந்தோஷம் யாருக்கும் தெரியாது, எண் மட்டும் எல்லாருக்கும் தெரியும். அடுத்த முறை கொடுக்கிறவன் அந்த எண்ணைப் பார்த்தே கொடுப்பான்.

அதிகமாகத் திரிக்கப்படுகிற வசனம் 9:6. பெருக விதைக்கிறவன் பெருக அறுப்பான் என்பதை எடுத்துக்கொண்டு, ஆயிரம் போட்டால் பத்தாயிரம் வரும் என்று போதிக்கிறார்கள். அறுவடை இல்லை என்று நான் சொல்லவில்லை. அது எது என்று பவுலே சொல்லிவிடுகிறார்: 8-ஆம் வசனத்தில் சகலவித நற்கிரியைகளிலும் பெருகுவது, 10-ஆம் வசனத்தில் நீதியின் விளைச்சல், 11-ஆம் வசனத்தில் இன்னும் உதாரகுணமாய்க் கொடுக்கும்படி சம்பூரணமடைவது. தேவன் கொடுப்பது மறுபடியும் கொடுப்பதற்காக. வரவை எதிர்பார்த்துக் கொடுத்தவன், வரவில்லை என்றால் இரண்டில் ஒன்றைச் செய்வான்: தன் விசுவாசம் போதாது என்று இன்னும் கடன் வாங்கிப் போடுவான், அல்லது தேவன் ஏமாற்றிவிட்டார் என்று விலகிப் போவான். இரண்டுமே நடக்கிறது. இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்று 8:12-இல் தெளிவாகவே இருக்கிறது. ஆகவே கடன் வாங்கிக் காணிக்கை கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுக்கச் சொல்கிற யாரையும் நம்பாதீர்கள்.

பயம் இன்னொரு நோக்கம். தசமபாகம் கொடாதவர்கள் தேவனிடம் திருடுகிறார்கள் என்று சொல்கிற மல்கியா 3-ஐ மிரட்டலாகவே கேட்டு வளர்ந்தவர்களுக்கு, தசமபாகம் தவறினால் வியாதி வரும், வேலை போகும் என்ற அச்சம் உள்ளுக்குள் இருந்துகொண்டே இருக்கும். அந்த வசனத்தில் "என் ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்கும்படி" என்ற காரணத்தை நாம் வேகமாய்த் தாண்டிவிடுகிறோம். ஆலயப் பணி செய்த லேவியருக்குச் சொந்த நிலப்பங்கு கிடையாது. தசமபாகமே அவர்கள் சாப்பாடு (எண்ணாகமம் 18). அது நின்றுபோனபோது அவர்கள் ஆலயத்தை விட்டுத் தங்கள் வயல்களுக்கு ஓடிப்போனதை நெகேமியா 13-இல் பார்க்கிறோம். ஆக, அங்கே நடந்த திருட்டில் பசித்தவர்கள் நிஜ மனிதர்கள். இதைப் புரிந்துகொண்டு கொடுக்கிறவனுக்கு ஒரு முகம் கண்முன் இருக்கும். பயந்து கொடுக்கிறவனுக்குத் தன்னைத் தவிர யாரும் தெரிவதில்லை.

அதிகாரத்துக்காகக் கொடுப்பதைக் கண்டுபிடிப்பது கஷ்டம், ஏனென்றால் அது பொறுப்புணர்வு போலவே இருக்கும். கணக்கு கேட்பது தவறல்ல. பணத்தைக் கொண்டுபோகப் பவுலே தன் உடன் ஊழியனான தீத்துவோடு சபைகள் தெரிந்துகொண்ட ஆட்களையும் அனுப்புகிறார், மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாய் இருக்கவேண்டும் என்று (8:19-21). ஆனால் முடிவு என் இஷ்டப்படி போகாத மாதத்தில் மட்டும் என் காணிக்கை குறைகிறது என்றால், நான் கொடுத்தது காணிக்கையல்ல, சந்தா.

கடமையைத் தட்டிக்கழிக்கக் கொடுப்பதும் உண்டு. கொர்பான், அதாவது இது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை இயேசு கண்டித்தது அதற்காகத்தான் (மாற்கு 7:10-13). வயதான அம்மாவின் மருந்துச் செலவை உடன்பிறந்தவர் தலையில் கட்டிவிட்டு ஊழியத்துக்கு அள்ளிக் கொடுப்பது தாராளம் ஆகாது.

நிலத்தை விற்றுப் பணம் கொண்டுவந்த அனனியா, சப்பீராள் தம்பதி (அப்போஸ்தலர் 5) விஷயத்திலும் ஒரு தவறான புரிதல் இருக்கிறது. ஒரு பங்கை வைத்துக்கொண்டதற்காக அவர்கள் தண்டிக்கப்படவில்லை. விற்குமுன்னே அது உன்னுடையதுதானே, விற்ற பிறகும் உன் வசத்தில்தானே இருந்தது என்று பேதுரு கேட்கிறார். ஒரு பங்கைக் கொடுத்து, முழுவதையும் கொடுத்த பெயரை வாங்க நினைத்தார்கள், அதுதான் பொய். குறைவாகக் கொடுத்து, குறைவாகக் கொடுத்தேன் என்று தைரியமாகச் சொல்லலாம்.

நோக்கம் முழுக்கச் சுத்தமாகும்வரை கொடுப்பதை நிறுத்திவைக்கலாமா? கூடாது என்பதே என் எண்ணம். "உங்கள் பொக்கிஷம் எங்கேயிருக்கிறதோ அங்கே உங்கள் இருதயமும் இருக்கும்" என்று இயேசு சொன்னதில் பொக்கிஷம் முன்னே போகிறது, இருதயம் பின்னால் வருகிறது. கொடுக்கக் கொடுக்கத்தான் மனம் திருந்தும். அதற்குச் சில நடைமுறைகள் கைகொடுக்கும்.

தொகையைக் கூட்டம் தொடங்குமுன் வீட்டிலேயே தீர்மானித்துவிடுங்கள். விசனமாயும் கட்டாயமாயும் அல்ல, "தன் மனதில் நியமித்தபடியே" (2 கொரிந்தியர் 9:7) என்பதற்கு அதுவே வழி. உருக்கமான பாட்டும் சாட்சியும் முடிந்த கையோடு உறையை நிரப்பினால், மறுநாள் காலையில் விசனம் வரும். திருமணமானவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து முடிவெடுங்கள். ஒருவர் ரகசியமாகக் கொடுப்பது மற்றவருக்குக் கட்டாயமாக மாறிவிடும். வருமானம் கைக்கு வந்தவுடனே அந்தப் பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள் (1 கொரிந்தியர் 16:2 வாரத்தின் முதல் நாளில் சேர்த்துவைக்கச் சொல்கிறது). மாதக் கடைசியில் மிச்சத்தைப் பார்த்துக் கொடுக்கலாம் என்று விட்டால் மிச்சம் இருக்காது.

கொடுப்பதில் ஒரு பகுதியாவது, பெற்றவருக்கே கொடுத்தவர் யார் என்று தெரியாதபடி போகட்டும். நன்றி வராது, பெயர் வராது. அப்படிக் கொடுத்த பிறகு ஒரு சின்ன ஏமாற்றம் எழும்பினால், அது எதற்காக என்று ஜெபத்தில் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் நிறைய வெளியே வரும். சிலர் அதைக் கண்டு பயந்து மனம் சோர்ந்து போகிறார்கள். சோர வேண்டாம். அடுத்த முறையும் அதே தொகையை அதே விதமாகக் கொடுங்கள்.

வருஷத்துக்கு ஒரு தடவை முழுக் கணக்கையும் எடுத்துப் பாருங்கள். வருமானம் கூடியும் பங்கு அப்படியே நிற்கிறதா? தொகை கூடியும் நமக்கு ஒரு வலியும் இல்லையா? ஆலயக் காணிக்கைப்பெட்டியில் அந்த ஏழை விதவை (மாற்கு 12) போட்டது இரண்டு காசு, ஒரு நாள் கூலியான ஒரு பணத்தில் அறுபத்துநான்கில் ஒரு பங்கு. இரண்டு காசு இருந்ததால், ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றைப் போட்டிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இயேசு கவனித்தது கையில் மீதி எவ்வளவு என்பதை. எனவே வருஷக் கணக்கில் கொடுத்த தொகைக்குப் பக்கத்தில், நமக்காக வைத்துக்கொண்ட தொகையையும் எழுதுங்கள். பெரும்பாலும் அந்த இரண்டாவது எண்ணை எழுதத்தான் கை தயங்கும்.