இடிபட்ட ஃபைபர் படகும் பர்மா தேக்குச் சட்டமும்: காரைக்குடிக் கொட்டகையில் செய்து பார்த்தது

என்னுடையது 14 அடி ஃபைபர் படகு. சின்ன அவுட்போர்டு என்ஜின், இரண்டு துடுப்பு, உட்கார இரண்டு பலகை, அவ்வளவுதான். மற்ற நாட்களில் காரைக்குடியில் பின்கட்டுக் கொட்டகையில் டிரெய்லர் மேல் நிற்கும். கடலுக்குப் போகத் தோன்றினால் தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக்கு இழுத்துக்கொண்டு போவேன். செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிவதால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் இந்தப் பின்வாசல்தான். டிரெய்லர் நேராக உள்ளே வந்துவிடும்.

தை மாதக் கடைசியில் தொண்டியில் நங்கூரம் போட்டு நின்றபோது, பக்கத்தில் கட்டியிருந்த நாட்டுப்படகு ஒன்று வாடைக்காற்றில் கயிறு அறுந்து வந்து மோதியது. படகின் முன்முனையான அணியத்துக்குச் சற்றுப் பின்னால், வலதுபக்கம். விளிம்பை ஒட்டி வெளியே ஓடும் தேக்குச் சட்டம் ஐந்தடி நீளத்துக்குப் பிளந்து தொங்கியது. அதற்குக் கீழே, ஃபைபரின் பளபளப்பான வெளிப்பூச்சான ஜெல்கோட்டில் உள்ளங்கை அளவுக்கு நட்சத்திர விரிசல். பார்த்தவர்கள் எல்லாம் "கொஞ்சம் பட்டி வைத்துத் தேய்த்தால் போச்சு" என்றார்கள்.

ஃபைபரில் வெளியே தெரிவதை நம்பக் கூடாது. நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவிய பிறகு, ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தால் விரிசலைச் சுற்றித் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இடம் 'டக்' என்று கூர்மையாகக் கேட்கும். உள்ளே மேட் (கண்ணாடி நார் விரிப்பு) அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்த இடம் மந்தமாகக் கேட்கும். மந்தமான இடங்களைப் பென்சிலால் குறித்தால் விரிசலைப் போல இரண்டு மடங்கு வந்தது. முன்பலகைக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தபோது உள்பக்கமும் அதே அளவுக்கு வெள்ளை பூத்திருந்தது. நாரைப் பிணைக்கும் ரெசினிலிருந்து நார் பிரிந்தால் அப்படித்தான் வெளுக்கும். பட்டி வைத்துத் தேய்த்திருந்தால் அடுத்த பெரிய அலையிலேயே அது கழன்றிருக்கும்.

வேலையை மீன்பிடித் தடைக்காலத்தில் எடுத்துக்கொண்டேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அப்போதுதான் எல்லாரும் படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள். ஃபைபர் மேஸ்திரிகள் கையில் கிடைக்க மாட்டார்கள். என் சின்னப் படகுக்காக யாரையும் காரைக்குடி வரை கூப்பிட மனசும் இல்லை. தொண்டியில் ஒரு மேஸ்திரி போனிலேயே சொன்னார்: "தம்பி, மொதல்ல நல்லா காய விடுங்க. ஈரத்து மேல ரெசின் புடிக்காது." அதனால் சட்டத்தைக் கழற்றிவிட்டு, பங்குனி வெயிலில் படகை அப்படியே விட்டிருந்தேன். காய்ந்ததா என்று பார்க்க எளிய வழி உண்டு: அடிபட்ட இடத்தில் பாலிதீன் துண்டை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் வெயிலில் வைக்க வேண்டும். உள்ளே நீர்த்துளி பூத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

அப்பத்தாவுக்கு இந்த வேலை பிடிக்கவே இல்லை. "கம்மாயே காஞ்சு கெடக்கு, இவன் கப்பலுக்கு வைத்தியம் பாக்குறான்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடிபட்ட பகுதியைக் கிரைண்டரால் முழுதாக அறுத்து எடுத்தேன். அப்புறம் உள்பக்கமாகச் சரிவு. ஓட்டின், அதாவது படகின் ஃபைபர் உடம்பின், கனத்தைப் போல 12 மடங்கு தூரத்துக்குச் சரிவாகத் தேய்ப்பது வழக்கம். என் படகின் பக்கவாட்டில் கனம் 5 மில்லிமீட்டர், ஆகவே ஓட்டையைச் சுற்றி 60 மில்லிமீட்டர். நல்ல ஃபைபரை இவ்வளவு தேய்த்துத் தள்ளும்போது வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் பழைய ஓட்டும் புதிய மேட்டும் ஒட்டிப் பிடிக்கும் பரப்பு இந்தச் சரிவில்தான் கிடைக்கிறது. செங்குத்தான விளிம்பில் ஒட்டினால் அந்தக் கோட்டிலேயே மறுபடி விரியும். நல்ல மாஸ்க், கண்ணாடி, முழுக்கைச் சட்டை இல்லாமல் இதில் இறங்காதீர்கள். கண்ணாடி நார்த்தூள் தோலில் ஏறினால் வெந்நீரில் குளிக்கவும் வேண்டாம், தோல் துளை திறந்து அரிப்பு கூடும். பச்சைத் தண்ணீர்தான்.

வெளிப்பக்கம் ஓட்டையை மூடச் சன்மைக்காத் துண்டு வைத்தேன். பளபளப்பான பக்கத்தில் மெழுகு பாலிஷ் பல தடவை பூசித் துடைத்து, படகின் வளைவுக்கு ஏற்ப அழுத்தி, சுற்றிலும் டேப்பும் முட்டுக்கட்டையும் கொடுத்தேன். சன்மைக்கா ஒரு திசையில்தான் வளையும். பக்கவாட்டுக்குச் சரி, அணியத்தின் மூக்கில் அடிபட்டிருந்தால் இந்த வழி உதவாது. உள்ளேயிருந்து முதலில் ஜெல்கோட், அது விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பக்குவத்தில் 300 கிராம் (சதுர மீட்டருக்கு) மேட் ஒன்று, அதற்குமேல் 450 கிராம் மேட் நான்கு. 450 கிராம் மேட் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம் கொடுக்கும், கணக்கு பழைய ஓட்டுக்குச் சரியாக வந்துவிடும்.

எங்கள் ஊர் சித்திரை வெயிலில் ரெசின் வேலை தனிக் கலை. 100 கிராம் ரெசினுக்கு அதை இறுக வைக்கும் ஹார்டனர் 1 முதல் 2 கிராம் என்பது பொது அளவு. நான் 1 கிராமில் நின்றுகொண்டேன், அதுவும் விடியற்காலையில் மட்டும். வெயில் ஏறியபின் கலக்கினால் தூரிகையை எடுத்து வருவதற்குள் டப்பாவிலேயே கெட்டியாகிவிடும். அதற்காக 1 கிராமுக்குக் கீழேயும் இறங்கக் கூடாது, ரெசின் முழுதாக இறுகாது. ஐந்து மேட்டையும் ஒரே மூச்சில் போடவும் இல்லை. அடுக்கு கூடக் கூட உள்ளே சூடு ஏறி, சுருங்கி, வடிவம் கோணும். இரண்டு, பிறகு இறுக விட்டு மூன்று. ஒவ்வொன்றுக்கும் வரி போட்ட இரும்பு ரோலரால் காற்றுக் குமிழை நெருக்கி வெளியேற்ற வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் கலக்காத ரெசின் வாங்கினால், முதலில் கோபால்டை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு அப்புறம்தான் ஹார்டனர். இரண்டையும் நேருக்கு நேர் சேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். சிரிஞ்சுகூட இரண்டுக்கும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நான் கோபால்ட் கலந்த பாலியெஸ்டர் ரெசினையே மதுரையில் வாங்கிவிட்டேன். எப்பாக்சி என்ற வேறு ரக ரெசினால் ஒட்டலாமே என்று சிலர் கேட்டார்கள். எப்பாக்சி பலமானதுதான், ஆனால் அதன்மேல் பாலியெஸ்டர் ஜெல்கோட் நம்பிக்கையாகப் பிடிக்காது. கடைசியில் பெயிண்ட்தான் அடிக்க வேண்டிவரும்.

சன்மைக்காவை உரித்தபோது நடுப்பகுதி பளிச்சென்று இருந்தது. சுற்றிலும் ஓரக்கோடு மட்டும் பள்ளம். அதை ஜெல்கோட்டால் நிரப்பி, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டிக் காற்றை மறைத்தேன், காற்றுப் பட்டால் மேல்பரப்பு பிசுபிசுப்பாகவே நிற்கும். நிறம் சேர்ப்பதற்கு முன்னால் பக்கத்துப் பழைய ஓட்டை ரப்பிங் காம்பவுண்டு (துலக்கும் பசை) போட்டுத் துலக்கிக்கொள்வது நல்லது. வெயிலில் வெளுத்த தோலைப் பார்த்துச் சேர்த்தால் துலக்கிய பிறகு நிறம் மாறிப்போகும். வெள்ளையில் ஒரு பொட்டு மஞ்சள், ஊசிமுனையளவு பழுப்பு. பிறகு மரக்கட்டையில் சுற்றிய உப்புத்தாள் 220, 400, 800, 1200 என்று தண்ணீர் தொட்டுத் தேய்ப்பு. நம்மூர்ச் சுவரில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சை மழமழவென்று இழைப்பார்களே, அந்தப் பொறுமை வேண்டும்.

அடுத்தது சட்டம். எனக்கு இதில்தான் ருசி. காரைக்குடியில் படகுச் சாமான் கிடைக்காது, ஆனால் தேக்கு கிடைக்கும். முனீஸ்வரன் கோவில் தெருப் பக்கம் பழம்பொருள் கடைகளில், பிரித்த வீடுகளின் நிலை, உத்திரத் துண்டு எல்லாம் வரும். பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த மரம் மறுபடி கடலுக்குப் போகட்டும் என்று ஒரு உத்திரத் துண்டை வாங்கினேன். வாள் வைப்பதற்கு முன் காந்தம் வைத்துத் துழாவியதில் தலை ஒடிந்த ஆணிகள் வந்தன.

அத்தனை வருஷம் காய்ந்த தேக்கு வளையாது, நீராவி காட்டினாலும் ஒடியத்தான் பார்க்கும். ஆசாரி அண்ணனும் கையில் எடுத்துப் பார்த்து, "இது வளையுற ஜாதி இல்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவரிடமே 4 மில்லிமீட்டர் பட்டைகளாக அறுத்து வாங்கி, படகின் மேலேயே வளைத்து, பட்டைக்குப் பட்டை எப்பாக்சி தடவி, கிளாம்ப் போட்டு இறுக்கினேன். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு; ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைக்காவிட்டால் பசை பிடிக்காது. பழைய சட்டத்தோடு சேரும் இடத்தில் சாய்வு வெட்டு. 25 மில்லிமீட்டர் கனத்துக்கு 200 மில்லிமீட்டர் நீளம், அதாவது எட்டு மடங்கு.

கழற்றிய பித்தளைத் திருகுகளில் பாதி கையிலேயே ஒடிந்தன. ஒடிந்த இடம் செம்பு மாதிரி இளஞ்சிவப்பு. உப்புத் தண்ணீர் பித்தளையிலிருந்து துத்தநாகத்தை அரித்துவிட்டு வெறும் செம்புக் கூட்டை விட்டுவைத்திருக்கிறது. கடல்நீர் அரிப்பைப் பற்றி ஆராய மண்டபத்தில் ஒரு நிலையமே வைத்திருக்கும் மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு பித்தளையையே திரும்பப் போட வெட்கமாக இருந்தது. 316 ரக ஸ்டெயின்லெஸ் திருகு போட்டேன். 304 விலை குறைவு, ஆனால் உப்பில் புள்ளி புள்ளியாக அரிக்கும். பழைய துளைகளை நார்த்தூள் கலந்த ரெசினால் அடைத்து, இடம் தள்ளிப் புதுத்துளை.

சட்டத்தைப் படகோடு எப்பாக்சியால் ஒட்டிவிடச் சொன்னவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அடுத்த மோதலில் உடைய வேண்டியது சட்டம்தான், ஓடு அல்ல. ஒட்டிவிட்டால் பிளக்கும்போது ஜெல்கோட்டையும் பிய்த்துக்கொண்டு போகும். அதனால் பாலியூரித்தேன் சீலண்டை மெத்தை போலப் பரப்பி, திருகில் நிறுத்தியிருக்கிறேன். சிலிக்கான் வேண்டாம், அதன் பிசுக்கு போகாது, பின்னால் எந்தப் பூச்சும் அங்கே ஒட்டாது. வார்னிஷும் அடிக்கவில்லை, எண்ணெய் மட்டும். நம் வெயிலில் வார்னிஷ் உரிந்தால் சுரண்டி எடுப்பது பெரிய பாடு.

சோதனைக்கு டிரெய்லரைச் சாய்த்து, அணியத்துக்குள் சில வாளித் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க விட்டேன். வெளியே ஒட்டியிருந்த சுண்ணக்கட்டித் தூளில் ஈரக்கோடு எதுவும் விழவில்லை. தொண்டியில் இறக்கி ஓட்டியும் பார்த்தாயிற்று, முன்பலகைக்கு அடியில் காய்ந்தே இருக்கிறது. சாயங்கால வெயில் சாய்வாக விழுந்தால் ஒட்டுப்போட்ட வட்டம் லேசாகத் தெரிகிறது, தெரிந்துவிட்டுப் போகட்டும். இடதுபக்கச் சட்டத்தில் இன்னும் பழைய பித்தளைத் திருகுதான், மழைக்கு முன் அதையும் மாற்ற வேண்டும். உத்திரத் துண்டில் பாதி மிச்சம் இருக்கிறது.